கடைவாய்ப் பல்

நாற்காலி மெல்லச் சாய்கிறது.
விளக்கு முகத்துக்கு மேல் வந்து நிற்கிறது.
"வாயை நன்றாகத் திறங்கள்" என்கிறாள் ஸ்கைஸ்டே.
முப்பத்தொரு வருடம் அந்த ஏரியில்
எல்லாரையும் வாயை மூடச் சொன்னவன் நான்.
திறக்கிறேன்.

த்ராகாயில் பல் வைத்தியர்கள் மூன்று பேர்.
ஒருவர் விடுமுறையில். இன்னொருவர் என் முன்னாள் மைத்துனர்.
நேற்றிரவு பிராந்தியில் நனைத்த பஞ்சும் கைவிட்டபின்
வேறு வழியில்லாமல் வந்தேன்.
வரவேற்பறையில் நகராட்சி நாள்காட்டி.
இந்த மாதம் நான்தான்:
நான்கு பெண்கள், கழுத்தில் தங்கம்,
ஓரத்தில் தொப்பியோடு நான், வெறுங்கழுத்து.
பயிற்சியாளருக்குப் பதக்கம் கிடையாது.
அந்த நால்வரில் இவளும் கிடையாது.

ஊசி. பாதி உதடு காணாமல் போகிறது.
"மரத்துப் போகட்டும்" என்று கடிகாரத்தைப் பார்க்கிறாள்.
அவள் வலது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும்.
அதை நிமிர்த்த ஒரு பனிக்காலம் முழுக்கக் கத்தினேன்.
இன்னும் தாழ்ந்தே இருக்கிறது.
இடுக்கி பிடிக்க அதுவே தோது போலும்.

துடுப்பு வலிப்பவர்கள் போகும் திசையைப் பார்ப்பதில்லை.
எல்லைக்கோட்டையும் முதுகால்தான் கடப்பார்கள்.
பின்னால் மோட்டார் படகில் வரும் எனக்குத்தான்
அவர்கள் முகம்.
எட்டாயிரம் விடியல்கள் அதையே படித்தேன்:
வலி முதலில் நெற்றிக்கு வரும், பிறகு கழுத்து நரம்புக்கு,
கடைசியில் முகத்தில் ஒன்றுமே இருக்காது.
அந்த ஒன்றுமில்லாத முகத்துக்காகத்தான் சம்பளம் வாங்கினேன்.
ஸ்கைஸ்டேக்கு அது வாய்க்கவே இல்லை.
கடைசி மீட்டர் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

ஜூன் மாதம். ஒரே இடம், இரண்டு பெண்கள்.
இரண்டு படகுகளை ஓடவிட்டேன்.
அவளையும் டவ்மாந்தேயையும் படகு மாற்றி உட்காரவைத்து
மறுபடி ஓடவிட்டேன்.
எளிய கணக்கு. கழித்தால் மிஞ்சுவது யாரோ அவள்தான்.
டவ்மாந்தே. பத்தில் மூன்று விநாடி.
கோட்டைச் சுவரில் மோதி
என் ஒலிபெருக்கி அதை இன்னொரு முறை சொன்னது.
ஸ்கைஸ்டே துடுப்புகளைக் கழுவினாள், துடைத்தாள்,
கொக்கியில் மாட்டினாள், போனாள்.

எல்லாரும் போனபின் படகைக் கவிழ்த்தேன்.
அடிச்செதிலில் ஒரு பாசிக்கொடி.
ஒரு முழம் இருக்கும்,
சீப்பில் சிக்கிய முடி மாதிரி.
இரண்டாம் ஓட்டத்தில் அவள் வலித்த படகு அது.

எவ்வளவு இழுத்திருக்கும்? பத்தில் ஒன்றா, ஐந்தா?
தண்ணீர் சாட்சி சொல்ல வராது.
பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
மறுநாள் பட்டியல் வில்னியுஸ் போனது.
செப்டம்பரில் தங்கம்.
தங்கம் வந்த கணக்கை யார் திருத்துவார்?
அதற்கப்புறம் மூன்று நாடுகள் என்னைக் கூப்பிட்டன,
ஒரு பல்கலைக்கழகம் சால்வை போர்த்தியது,
தேர்வு முறை பற்றிப் பேசச் சொன்னார்கள்.
பேசினேன். பத்தில் மூன்று விநாடி என்றால் கைதட்டுவார்கள்.

"வலிக்கிறதா?"
இல்லை.
இருபத்திரண்டு வருடம் கழித்து, பார்,
அவள் இரண்டு விரலும் ஒரு உறிஞ்சுகுழாயும்
வாய்க்குள் இருக்கும்போதுதான் சொல்லத் தோன்றுகிறது.
பாசி என்கிறேன்.
ஆஹி என்று வருகிறது.
"பேசாதீர்கள்."

எங்களுக்குள் எப்போதும் இருபது மீட்டர் தண்ணீர் இருந்தது.
இவ்வளவு கிட்டத்தில் அவள் கண்களைப் பார்த்ததில்லை.
இடுக்கி இறங்குகிறது. தாழ்ந்த தோள் இழுக்கிறது.
நெற்றி. கழுத்து நரம்பு.
அப்புறம்
ஒன்றுமே இல்லை அந்த முகத்தில்.

கிண்ணத்தில் டக்கென்று ஒரு சத்தம்.
"பஞ்சைக் கடித்துக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் பேசக் கூடாது."
பணம் கட்டினேன். சில்லறை சரியாகக் கொடுத்தார்கள்.
வீட்டுக்குப் போகலாம்.
நாள்காட்டிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.
கன்னத்தைப் பிடித்தபடி ஒரு சிறுவன் உள்ளே போகிறான், வருகிறான்.
சன்னலுக்கு வெளியே ஏரியில் பனிக்கட்டி
கரையோரம் மட்டும் கறுத்திருக்கிறது.
இருபத்தெட்டு நிமிடம். இருபத்தொன்பது.
பஞ்சு இன்னும் வாயில்தான்.